இங்கிலீஷ்ல பெயர்ச்சொல்லையும் பெயர்ச்சொல்லையும் கோர்க்கிறது எப்படி: ப்ரிபொசிஷனுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாலக்காடு மாவட்டத்துல கொழிஞ்சாம்பாறை பக்கம் ஜெராக்ஸும் டைப்பிங்கும் போடற கடை வெச்சிருக்கேன். மனு, லீவ் லெட்டர், லோன் அப்ளிகேஷன், பசங்களோட பிராஜெக்ட்னு தினமும் கைல எழுதின பேப்பர் வரும், அதையெல்லாம் டைப் பண்ணிப் பண்ணித்தான் ஒண்ணு புரிஞ்சுது. டென்ஸ் எல்லாம் ஓரளவுக்கு சரியாத்தான் போட்டிருப்பாங்க, ரெண்டு பெயர்ச்சொல்லை ஒண்ணோட ஒண்ணு கோர்க்கிற இடம் வந்தா வண்டி நின்னுடும். அப்படிக் கோர்க்கிற 'ஆஃப்', 'இன்', 'டு', 'ஃப்ரம்' மாதிரி சின்னச் சொல்லு தான் ப்ரிபொசிஷன்.

ஆழியார் டேம் தண்ணி எங்க பக்கத்து மூலத்தறைக்கு லேட்டா வர்றதைப் பத்தி ஒரு பிளஸ் டூ பையன் எழுதிட்டு வந்தது இது: 'ஆழியார் டேம் ஃப்ரம் மூலத்தறை டு வாட்டர் சப்ளை டிலே'. வேண்டிய சொல்லு கிட்டத்தட்ட எல்லாமே இதுல இருக்கு. ஆனா 'டேம்ல இருந்து'ன்னு நாம பின்னாடி சொல்றோமேன்னு 'ஃப்ரம்'மையும் பின்னாடி போட்டுட்டான். இங்கிலீஷ் படிக்கிறவர் 'ஃப்ரம்'மை அதுக்கு அடுத்து வர்ற சொல்லோட தான் சேர்ப்பாரு, அப்போ 'ஃப்ரம் மூலத்தறை'ன்னு ஆகிடுது, தண்ணி மூலத்தறைல இருந்து கிளம்பற மாதிரி அர்த்தம் தலைகீழா மாறிடுது. இந்த ஒரு வரியையே கடைசி வரைக்கும் வெச்சுக்கிட்டு, சரியா எழுதற வரிசையை சொல்றேன்.

1. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி

ஒரு நோட்டு, ஒரு பென்சில், ரப்பர். பேனா வேண்டாம், ஏன்னா சொல்லுங்களை இடம் மாத்திட்டே இருக்கப் போறோம். அப்புறம் ஒரு நல்ல இங்கிலீஷ் டிக்ஷனரி, வெறும் அர்த்தம் மட்டும் போட்டது இல்லை, உதாரண வாக்கியமும் போட்டிருக்கிறது. ஏன்னு ஆறாவது படியில தெரியும்.

எது பெயர்ச்சொல்லு எது வினைச்சொல்லுன்னு பிரிக்கத் தெரியணும். அது தெரியாம இதுல இறங்கினா பாதியில குழம்பும், ரெண்டு நாள் அதை மட்டும் பாத்துட்டு வாங்க.

ஸ்பெல்லிங்ல ஒரே ஒரு எச்சரிக்கை. இந்தக் கட்டுரையில நான் 'ஆஃப்'னு எழுதறது எல்லாமே ஓ, எஃப்னு ரெண்டே எழுத்து உள்ளது, வாயில சொல்றப்போ 'ஓவ்' மாதிரி வரும். ரெண்டு எஃப் போட்டா அது வேற சொல்லு, லைட்டை அணைக்கிறப்போ சொல்றது. கடைக்கு வர்ற பேப்பர்ல ரொம்ப பேர் இந்த எக்ஸ்ட்ரா எஃப் போட்டுடறாங்க.

'இன்னா உள்ளே, ஆன்னா மேலே, ஆஃப்னா உடைய'ன்னு ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணின பட்டியலை இப்போதைக்கு ஓரமா வைங்க. பெட்டிக்குள்ள பந்து, மேசை மேல புத்தகம், அதுக்கெல்லாம் அது போதும். மனு எழுதறப்போ 'தாமதத்துக்கு காரணம்'ங்கற இடத்துல உள்ளேயும் இல்லை மேலேயும் இல்லை.

2. சொல்ல வந்ததை முதல்ல தமிழ்ல முழுசா எழுதுங்க

நேரா இங்கிலீஷ்ல ஆரம்பிக்காதீங்க. தமிழ்ல விட்டுப் போனது இங்கிலீஷ்லயும் விட்டுப் போகும். அந்தப் பையன் சொல்ல வந்ததை முழுசா எழுதினா இப்படி வரும்:

'ஆழியார் டேம்ல இருந்து மூலத்தறைக்கு வர்ற தண்ணியோட சப்ளைல ஏற்பட்ட தாமதத்தைப் பத்தின புகார்.'

பேசறப்போ நாம 'வர்ற', 'ஏற்பட்ட', 'பத்தின' மாதிரி சொல்லுங்களை முழுங்கிடுவோம். எழுதறப்போ முழுங்காதீங்க. அடுத்த ரெண்டு படிக்கு அதுதான் அடையாளம்.

3. தலைச்சொல்லைக் கண்டுபிடிங்க

மேல இருக்கிற தொடர் எதைப் பத்தினது? தண்ணியா, டேமா, தாமதமா? எதுவும் இல்லை, புகார். தமிழ்ல தலைச்சொல்லு எப்பவுமே கடைசியில தான் உக்காந்திருக்கும், முன்னாடி வர்றது பூரா அதுக்கு விளக்கம். அதுக்கு அடியில கோடு போடுங்க.

இங்கிலீஷ்ல அதே தலைச்சொல்லு முன்னாடி வந்து நின்னுக்கும், விளக்கம் பின்னாடி வால் மாதிரி தொங்கும். தலை எதுன்னு தெரியாம எழுத ஆரம்பிச்சா முதல் சொல்லே தப்பா போயிடும், பின்னாடி எத்தனை ப்ரிபொசிஷன் போட்டாலும் சரியாகாது.

இன்னொரு காரணமும் இருக்கு. வாக்கியத்துல வர்ற வினை ஒருமையா பன்மையான்னு முடிவு பண்றது இந்த தலைச்சொல்லு தான். அதை ஒன்பதாவது படியில பாக்கலாம்.

4. நடுவுல நிக்கிற ஒட்டைத் தனியா எடுங்க

இது தான் எல்லாத்துலயும் முக்கியமான படின்னு நான் நினைக்கிறேன். தமிழ்ல 'மேசையில் புத்தகம்'னு சொன்னா தொடர் அந்தரத்துல நிக்கும். 'மேசையில் இருக்கிற புத்தகம்'னு, 'இருக்கிற' மாதிரி ஒரு எச்சத்தை நடுவுல போட்டாத்தான் ஒட்டும். டேம்ல இருந்து வர்ற தண்ணி, சப்ளைல ஏற்பட்ட தாமதம், தாமதத்தைப் பத்தின புகார். ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு எச்சம். 'பொள்ளாச்சிக்கு பஸ்', 'காய்ச்சலுக்கு மருந்து'ன்னு 'கு' வர்ற சில இடத்துலயும், 'தண்ணியோட சப்ளை'ன்னு 'ஓட' வர்ற இடத்துலயும் மட்டும் எச்சம் இல்லாமலே ஓடும், அங்க உருபு மட்டும் போதும்.

நம்ம பக்கத்துல மலையாளம் காதுல விழுந்துட்டே இருக்கிறதால இதை சுலபமா காட்டலாம். பாலக்காட்டுக்குப் போற பஸ்ஸை அவங்க 'பாலக்காட்டேக்குள்ள பஸ்'னு சொல்லுவாங்க, கிணத்துல இருக்கிற தண்ணியை 'கிணற்றிலுள்ள வெள்ளம்'னு. போற, இருக்கிற, வர்றன்னு நாம மாத்தி மாத்தி போடற இடத்துல அவங்களுக்கு ஒரே 'உள்ள' போதும். அந்த 'உள்ள' எங்கெல்லாம் வருமோ, இங்கிலீஷ்ல அங்க பெரும்பாலும் ஒரு ப்ரிபொசிஷன் வரும். கடைக்கு வர்ற பசங்க கிட்ட இப்படி சொன்னா உடனே தலையாட்டறாங்க, ஏன்னா ரெண்டு மொழியும் அவங்க வாயில இருக்கு.

அதனால எச்சத்தையும் அதுக்கு முன்னாடி இருக்கிற 'இல்', 'ஐ', 'கு' மாதிரி உருபையும் சேத்து ஒரு வட்டம் போடுங்க. 'இல் ஏற்பட்ட', 'ஐப் பத்தின', 'ஓட', 'இல இருந்து... வர்ற'. ஒரு வட்டத்துக்கு ஒரு ப்ரிபொசிஷன். 'இல இருந்து'வும் 'கு'வும் ஒரே 'வர்ற'வுல வந்து சேந்தா ரெண்டு தனித்தனி வட்டம்.

புதுசா எழுதறவங்க இங்க பண்ற தப்பு, எச்சத்தை விட மனசில்லாம அதையும் இங்கிலீஷ்ல போடறது. 'தி டிலே ஹேப்பன்ட் இன் தி சப்ளை', 'தி வாட்டர் விச் இஸ் கமிங் ஃப்ரம்'னு நீண்டுட்டே போகும். 'டிலே இன்'னாலே போதும், ஏற்பட்டதுங்கறது அதுக்குள்ளயே இருக்கு.

5. பின்னாலிருந்து முன்னால போங்க

இப்போ தலைச்சொல்லுல ஆரம்பிச்சு இடது பக்கமா ஒவ்வொரு வட்டமா நடந்து வாங்க.

புகார்: எ கம்ப்ளெய்ன்ட்
தாமதத்தைப் பத்தின: அபவுட் தி டிலே
சப்ளைல ஏற்பட்ட: இன் தி சப்ளை
தண்ணியோட: ஆஃப் வாட்டர்
டேம்ல இருந்து: ஃப்ரம் தி ஆழியார் டேம்
மூலத்தறைக்கு: டு மூலத்தறை

சேத்துப் படிங்க: 'எ கம்ப்ளெய்ன்ட் அபவுட் தி டிலே இன் தி சப்ளை ஆஃப் வாட்டர் ஃப்ரம் தி ஆழியார் டேம் டு மூலத்தறை'. அந்தப் பையன் எழுதின வரியையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, கிட்டத்தட்ட கண்ணாடியில பாத்த மாதிரி திரும்பியிருக்கும்.

முழுசா கண்ணாடின்னும் சொல்ல முடியாது. கடைசி ரெண்டு வட்டத்தை நான் திருப்பலை பாருங்க. 'ஃப்ரம்'மும் 'டு'வும் ஜோடியா வந்தா கிளம்பற இடம் முதல்ல, சேர்ற இடம் அப்புறம், தமிழ் மாதிரியே. அதே மாதிரி நிறம், எண்ணிக்கை, குணம் எல்லாம் இங்கிலீஷ்லயும் பெயருக்கு முன்னாடி தான் நிக்கும்: 'ரெண்டு பழைய கிணறு' 'டூ ஓல்ட் வெல்ஸ்' தான்.

6. எந்த ப்ரிபொசிஷன்னு தேர்ந்தெடுக்கிறது

வரிசை சரியாயிடுச்சு, இனி சொல்லு. இதுல முதல்ல தலைச்சொல்லு, அதாவது அந்த ப்ரிபொசிஷனுக்கு முன்னாடி நிக்கிற பெயர்ச்சொல்லு, அது கிட்ட கேளுங்க, அதுக்கப்புறம் தான் அர்த்தத்தைப் பாருங்க. நிறைய பேர் இதை மாத்திப் பண்றாங்க.

ஏன்னா இங்கிலீஷ்ல பல பெயர்ச்சொல்லுக்குன்னு ஒரு ப்ரிபொசிஷன் நிச்சயம் பண்ணி வெச்ச மாதிரி இருக்கு. அர்த்தத்தை வெச்சு யோசிச்சா அது கிடைக்காது. 'தாமதத்துக்கு காரணம்' எழுதறவங்க 'ரீசன் ஆஃப் தி டிலே'ம்பாங்க. 'ரீசன்' வந்தா 'ஃபார்', 'ரீசன் ஃபார் தி டிலே'. ஆனா 'காஸ்'னு போட்டா 'காஸ் ஆஃப் தி டிலே'. ரெண்டுக்கும் தமிழ்ல காரணம் தான். வீட்டுச் சாவி 'கீ டு தி ஹவுஸ்', கேள்விக்குப் பதில் 'ஆன்சர் டு தி கொஸ்டின்', பிரச்சினைக்குத் தீர்வு 'சொல்யூஷன் டு தி ப்ராப்ளம்', பயிருக்கு சேதம் 'டேமேஜ் டு தி க்ராப்', எதிர்ப்பு 'அப்ஜெக்ஷன் டு'. இந்த அஞ்சும் 'டு' கூட்டம். தேவை 'நீட் ஃபார்', வேண்டுகோள் 'ரிக்வெஸ்ட் ஃபார்', நஷ்ட ஈடு 'காம்பன்சேஷன் ஃபார்' எல்லாம் 'ஃபார்' கூட்டம். பாதிப்பு 'எஃபெக்ட் ஆன்', வரி 'டாக்ஸ் ஆன்', தள்ளுபடி 'டிஸ்கவுண்ட் ஆன்'. பற்றாக்குறை 'லேக் ஆஃப்', அத்தாட்சி 'ப்ரூஃப் ஆஃப்', நகல் 'காப்பி ஆஃப்'.

விலை ஏத்தத்துக்கு மட்டும் ரெண்டு கதவு. எதுல ஏறுச்சுன்னு சொல்ல 'இன்', எவ்வளவு ஏறுச்சுன்னு சொல்ல 'ஆஃப்'. தேங்காய் விலை அஞ்சு ரூபாய் கூடியிருந்தா 'அன் இன்க்ரீஸ் ஆஃப் ஃபைவ் ருபீஸ் இன் தி ப்ரைஸ் ஆஃப் கோகனட்ஸ்'. இந்த ஒரு வரியை நோட்டுல எழுதி வெச்சுக்கோங்க, 'ரைஸ்', 'ஃபால்', 'டிக்ரீஸ்' எல்லாமே இதே மாதிரி தான்.

சில தலைச்சொல்லு மூணு பேரைக் கூட கூட்டிட்டு வரும். புகாரைப் பாருங்க: யார் கிட்ட குடுக்கறோமோ அவங்களுக்கு 'டு', யார் மேலயோ அவங்களுக்கு 'அகெய்ன்ஸ்ட்', எதைப் பத்தியோ அதுக்கு 'அபவுட்'. பஞ்சாயத்துக்கு கான்ட்ராக்டர் மேல ரோட்டைப் பத்தி புகார் போனா, 'எ கம்ப்ளெய்ன்ட் டு தி பஞ்சாயத் அகெய்ன்ஸ்ட் தி கான்ட்ராக்டர் அபவுட் தி ரோட்'. அப்ளிகேஷனுக்கு ஆளுக்கு 'டு', கேக்கிற பொருளுக்கு 'ஃபார்': 'அன் அப்ளிகேஷன் டு தி வில்லேஜ் ஆஃபீஸர் ஃபார் எ பொசெஷன் சர்டிஃபிகேட்'. இந்த 'டு'வையும் 'ஃபார்'ரையும் மாத்திப் போட்ட பேப்பர் வாரத்துக்கு ரெண்டாவது என் டேபிளுக்கு வருது.

இதையெல்லாம் ஒரே நாள்ல நெட்டுரு போட வேண்டாம். டிக்ஷனரியில தலைச்சொல்லை எடுத்து, அதுக்குக் கீழ குடுத்திருக்கிற உதாரண வாக்கியத்துல அதுக்கப்புறம் எந்த ப்ரிபொசிஷன் வருதுன்னு மட்டும் பாருங்க. ஜோடியா நோட்டுல எழுதுங்க, 'ரீசன்'னு தனியா எழுதாதீங்க, 'ரீசன் ஃபார்'னு எழுதுங்க.

இங்க ஒரு பெரிய குழி இருக்கு, நல்லா இங்கிலீஷ் தெரிஞ்சவங்க கூட விழறது. சில சொல்லு வினையா வந்தா ப்ரிபொசிஷன் வேண்டாம், பெயரா வந்தா வேணும். 'வி ரிக்வெஸ்ட் ஹெல்ப்'னு வினையா எழுதினா நேரா போகும், 'அவர் ரிக்வெஸ்ட் ஃபார் ஹெல்ப்'னு பெயரா எழுதினா 'ஃபார்' வேணும். 'தே டிமாண்ட் வாட்டர்', 'தி டிமாண்ட் ஃபார் வாட்டர்'. 'வி டிஸ்கஸ்ட் தி கெனால்', 'எ டிஸ்கஷன் அபவுட் தி கெனால்'. 'தி வில்லேஜ் லேக்ஸ் எ பஸ்', 'தி லேக் ஆஃப் எ பஸ்'. பெயருக்குப் பழகின கை வினைக்கும் போட்டுடும், 'டிஸ்கஸ்ட் அபவுட்'னு பத்து பேர்ல பாதிப் பேர் எழுதறது இதனால தான்.

தலைச்சொல்லு எதையும் கேக்கலைன்னா, உறவைப் பாருங்க

'ஆஃப்' ஒரு பொருளோட பகுதிக்கும் அளவுக்கும்: 'தி ரூஃப் ஆஃப் தி ஹவுஸ்', 'எ கிலோ ஆஃப் க்ரவுண்ட்நட்ஸ்', 'எ லோட் ஆஃப் கோகனட்ஸ்'. 1970-ல போட்ட பரம்பிக்குளம் ஆழியார் ஒப்பந்தப்படி மணக்கடவுல கேரளாவுக்கு வருஷத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணி, அதை 'எ ஷேர் ஆஃப் 7.25 டிஎம்சி'ன்னு எழுதணும். வெறும் எண்ணிக்கைக்கு 'ஆஃப்' வேண்டாம், '500 கோகனட்ஸ்' அவ்வளவு தான்.

தமிழ்ல 'கு' போடற இடம் தான் கஷ்டம், ஏன்னா அது 'டு'வாவும் போகும் 'ஃபார்'ராவும் போகும். நான் சொல்ற சோதனை இது: போய்ச் சேர்ற இடமா? 'டு'. உபயோகமா, நோக்கமா? 'ஃபார்'. பொள்ளாச்சிக்கு பஸ் 'எ பஸ் டு பொள்ளாச்சி', காய்ச்சலுக்கு மருந்து 'மெடிசின் ஃபார் ஃபீவர்', கிணத்துக்கு மோட்டார் 'எ பம்ப் ஃபார் தி வெல்'.

'ஓட'வும் இதே மாதிரி ரெண்டு வேலை செய்யும். கூட இருக்கிறது, கொண்டிருக்கிறதுக்கு 'வித்'. ஓட்டு வீடு 'எ ஹவுஸ் வித் எ டைல்ட் ரூஃப்'. இதை 'எ ஹவுஸ் ஹேவிங் டைல்ட் ரூஃப்'னு எழுதற பழக்கம் நம்ம பக்கம் இருக்கு, விட்டுடுங்க.

இடத்துக்கு தமிழ்ல ஒரே 'ல', இங்கிலீஷ்ல மூணு. சுத்தி எல்லை இருந்தா 'இன்', ஒரு கோடு மாதிரி நீளமா இருந்தா 'ஆன்', ஒரு புள்ளியா நினைச்சா 'அட்'. 'எ ஃபார்ம் இன் சித்தூர் தாலுக்', 'எ ஷாப் ஆன் தி பொள்ளாச்சி ரோட்', 'தி பஸ் ஸ்டாப் அட் தி ஜங்ஷன்'. சித்தூர்னு சொன்னாலே ஆந்திராவுல இருக்கிற சித்தூரை நினைக்கிறவங்க உண்டு, அதனால வெளியூருக்கு எழுதற லெட்டர்ல 'சித்தூர் இன் பாலக்காடு டிஸ்ட்ரிக்ட்'னு ஒரு 'இன்' சேத்து எழுதிடுங்க.

செஞ்சவங்களைச் சொல்ல 'பை'. காட்டுப்பன்னி நிலக்கடலையை நாசம் பண்ணினதுக்கு வர்ற மனுவுல இது அடிக்கடி வேணும்: 'டேமேஜ் டு தி க்ரவுண்ட்நட் க்ராப் பை ஒய்ல்ட் போர்ஸ்'. பட்டது 'டு', செஞ்சது 'பை'. ரெண்டையும் மாத்தினா பயிர் பன்னியை சேதம் பண்ணினதா ஆகும்.

'ரிகார்டிங்'கைப் பத்தி ஒரு வார்த்தை. சப்ஜெக்ட் வரியில போடுங்க, பரவாயில்லை. உள்ள எல்லா இடத்துலயும் அதையே போட்டு ஒப்பேத்தறது சரியில்லை, 'டிலே ரிகார்டிங் வாட்டர்'னா தண்ணி தாமதமா, தண்ணியைப் பத்தின ஒரு கூட்டம் தாமதமான்னு ஆபீஸ்ல இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் ஜோடியா வர்றது: 'பிட்வீன்' வந்தா 'அண்ட்' வரணும், 'ஃப்ரம்' வந்தா 'டு'. 'பிட்வீன் 10 டு 12'ன்னு கலந்து எழுதறது தப்பு. மேல சொன்ன பரம்பிக்குளம் ஆழியார் ஒப்பந்தம் 'தி அக்ரிமெண்ட் பிட்வீன் கேரளா அண்ட் தமிழ்நாடு'.

7. 'ஆஃப்' வேணுமா, அபாஸ்ட்ரஃபி எஸ் வேணுமா, ஒண்ணுமே வேண்டாமா?

மனுஷங்க, விலங்கு, நேரம் இதுக்கெல்லாம் அபாஸ்ட்ரஃபி எஸ் நல்லா ஒட்டும்: 'மை ஃபாதர்’ஸ் லேண்ட்', 'யெஸ்டர்டே’ஸ் மார்க்கெட்'. பொருளுக்கு 'ஆஃப்'. 'தி லேண்ட் ஆஃப் மை ஃபாதர்'னு எழுதினா தப்புன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா மனுவுல எழுதற மாதிரி இல்லை, மேடையில பேசற மாதிரி இருக்கும்.

'மை க்ராண்ட்ஃபாதர்’ஸ் ஃபோட்டோ'ன்னா தாத்தா வெச்சிருந்த ஃபோட்டோவாவும் இருக்கலாம். 'எ ஃபோட்டோ ஆஃப் மை க்ராண்ட்ஃபாதர்'னா ஃபோட்டோவுல இருக்கிறதே தாத்தா தான். ரெக்கார்டுல சேக்கற பேப்பர்னா இந்த வித்தியாசத்தைக் கவனிங்க.

ஒண்ணுமே வேண்டாத இடமும் நிறைய. ரேஷன் கார்டு, பஸ் ஸ்டாண்டு, கோகனட் ஆயில் எல்லாம் பேர் மாதிரி ஆகிப்போச்சு, நடுவுல எதுவும் போடாதீங்க. இதுல முன்னாடி வர்றது பெரும்பாலும் ஒருமையில நிக்கும், ஆயிரம் தேங்காய் வித்தாலும் 'கோகனட் மார்க்கெட்' தான். அஞ்சு ஏக்கர் தோட்டம் 'எ ஃபைவ் ஏக்கர் ஃபார்ம்', அங்க ஏக்கருக்கு எஸ் வராது.

'டீ கப்'புக்கும் 'கப் ஆஃப் டீ'க்கும் உள்ள வித்தியாசத்தை மறக்காதீங்க. முதல்ல சொன்னது காலி கப்பு, ரெண்டாவதுல டீ இருக்கு.

8. மூணு கண்ணிக்கு மேல போனா நிறுத்திப் பாருங்க

ஒவ்வொரு ப்ரிபொசிஷன் தொடரும், அதாவது ஒவ்வொரு கண்ணியும், தனக்கு முன்னாடி பக்கத்துல இருக்கிற பெயரோட ஒட்டிக்கப் பாக்கும். 'எ ரிக்வெஸ்ட் ஃபார் எ லோன் ஃப்ரம் மை ப்ரதர்'. இதுல கேட்டது அண்ணனா, இல்லை அண்ணன் கிட்ட கேட்டதா? ரெண்டும் வரும். அண்ணன் கேட்டதுன்னா 'மை ப்ரதர்’ஸ் ரிக்வெஸ்ட் ஃபார் எ லோன்'. அண்ணன் கிட்ட நாம கேட்டதுன்னா 'மை ரிக்வெஸ்ட் டு மை ப்ரதர் ஃபார் எ லோன்'.

அதனால எது எதோட சேரணுமோ அதைப் பக்கத்துலயே வைங்க. ஒரு சாயங்காலம் ஒரு அக்கா பையனோட சர்டிஃபிகேட்டைக் கொண்டு வந்தாங்க. 'தம்பி, இதுல அவங்கப்பா பேர்ல ஒரு எழுத்து தப்பா இருக்குது, திருத்தறதுக்கு இங்கிலீஷ்ல எழுதிக் குடு'ன்னாங்க. அவங்க பையன் வீட்டுலயே ஒண்ணு எழுதியிருந்தான்: 'மிஸ்டேக் ஆஃப் மை சர்டிஃபிகேட் ஆஃப் மை ஃபாதர் ஆஃப் நேம்'. மூணு 'ஆஃப்', அதுல ஒண்ணு கூட சரியான இடத்துல இல்லை, படிச்சா அப்பா தப்பு பண்ணின மாதிரி இருக்கு. அவனையும் உக்கார வெச்சு தமிழ்ல எழுத வெச்சேன்: 'என் சர்டிஃபிகேட்ல அப்பா பேர்ல இருக்கிற எழுத்துப் பிழை'. தலை, பிழை. எங்க? பேர்ல. பேர் எங்க? சர்டிஃபிகேட்ல. 'தி ஸ்பெல்லிங் மிஸ்டேக் இன் மை ஃபாதர்’ஸ் நேம் ஆன் மை சர்டிஃபிகேட்'. பேருக்குள்ள பிழை, அதனால 'இன்', பேப்பர் மேல அச்சடிச்சிருக்கு, அதனால 'ஆன்'. மூணு 'ஆஃப்'ல ஒண்ணு கூட மிஞ்சலை.

கண்ணி நாலஞ்சுன்னு போனா வாக்கியத்தை உடைங்க. நம்ம ஆழியார் வரியில அஞ்சு கண்ணி இருக்கு, சப்ஜெக்ட் வரிக்கு சரி, மனுவுக்குள்ள கனமா இருக்கும். உள்ள எழுதறப்போ 'தி சப்ளை ஆஃப் வாட்டர் ஃப்ரம் தி ஆழியார் டேம் டு மூலத்தறை ஹேஸ் பீன் டிலேய்ட்'னு ஒரு வாக்கியத்தை முடிச்சுட்டு, கேக்க வேண்டியதை அடுத்த வாக்கியத்துல கேளுங்க.

9. ப்ரிபொசிஷனுக்கு அப்புறம் வர்றதையும் வினையையும் சரிபாருங்க

ப்ரிபொசிஷனுக்கு அப்புறம் 'ஐ', 'ஹீ', 'வீ' வராது, 'மீ', 'ஹிம்', 'அஸ்' தான். 'பிட்வீன் மை ப்ரதர் அண்ட் ஐ'ன்னு எழுதறது மரியாதையா தெரியும், ஆனா தப்பு.

வினை வரணும்னா ஐஎன்ஜி சேத்து பெயரா ஆக்குங்க: 'தி காஸ்ட் ஆஃப் டிக்கிங் எ வெல்'. 'அப்ஜெக்ஷன் டு'வுல இருக்கிற 'டு' பலரைக் குழப்பும். அது ப்ரிபொசிஷன், அதனால 'அப்ஜெக்ஷன் டு பில்டிங் தி வால்', 'டு பில்ட்' இல்லை.

அடுத்து, தலைச்சொல்லுக்கு அடியில கோடு போட்டீங்களே, அதையும் வினையையும் மட்டும் சேத்துப் படிங்க. 'தி ப்ரைஸ் ஆஃப் கோகனட்ஸ் ஹேவ் ஃபாலன்'னு கோகனட்ஸைப் பாத்து 'ஹேவ்' போட்டுடறாங்க. தலை 'ப்ரைஸ்', அதனால 'ஹேஸ்'. 'ஒன் ஆஃப் தி ஃபார்மர்ஸ் ஹேஸ்', இங்க தலை 'ஒன்', ஆனா 'ஃபார்மர்ஸ்' பன்மையில தான் இருக்கணும். ஒரு விதிவிலக்கு: 'எ நம்பர் ஆஃப் ஃபார்மர்ஸ்'னா பல விவசாயிங்கன்னு அர்த்தம், 'ஆர்' வரும். 'தி நம்பர் ஆஃப் ஃபார்மர்ஸ்'னா எண்ணிக்கை, 'இஸ்' வரும்.

10. பழக்கத்துக்கு நாலு வரி

கீழ இருக்கிறதை நோட்டுல வட்டம் போட்டு மாத்திப் பாருங்க, அப்புறம் விடையைப் பாருங்க.

கால்வாய்ல இருக்கிற அடைப்புக்கு காரணம்.
வில்லேஜ் ஆபீஸருக்கு நில வரி ரசீதோட நகல் கேட்டு அப்ளிகேஷன்.
கொழிஞ்சாம்பாறைல இருந்து பாலக்காட்டுக்குப் போற பஸ்ஸோட நேரத்துல வந்த மாற்றம்.
எங்க ஊர் ரோட்டோட நிலைமையைப் பத்தின ரிப்போர்ட்.

விடை வரிசையா: 'தி ரீசன் ஃபார் தி ப்ளாக் இன் தி கெனால்'. 'அன் அப்ளிகேஷன் டு தி வில்லேஜ் ஆஃபீஸர் ஃபார் எ காப்பி ஆஃப் தி லேண்ட் டாக்ஸ் ரிசீப்ட்'. 'தி சேஞ்ச் இன் தி டைம் ஆஃப் தி பஸ் ஃப்ரம் கொழிஞ்சாம்பாறை டு பாலக்காடு'. 'எ ரிப்போர்ட் ஆன் தி கண்டிஷன் ஆஃப் தி ரோட் இன் அவர் வில்லேஜ்'.

கடைசியில 'ஆன்'னுக்கு பதிலா 'அபவுட்' போட்டிருந்தாலும் சரி தான். மூணாவதுல 'சேஞ்ச் ஆஃப்'னு போட்டிருந்தீங்கன்னா ஆறாவது படிக்குப் போய் விலை ஏத்தத்துக்கு சொன்னதை இன்னொரு தடவை படிங்க, 'சேஞ்ச்'சும் இங்க அதே மாதிரி 'இன்' கேக்கும்.